கை ஓட்டம்

தாயில்பட்டியில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் கேட்பது "கை எப்படி ஓடும்?" என்றுதான். பெண் பார்க்க வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள், ஊரார் ஆபீஸ் என்று சொல்கிற பட்டாசு ஆலையின் போர்மேனும் அதைத்தான் கேட்பான். நிறமும் படிப்பும் அதற்குப் பின்னால்தான். பஞ்சம்மாளும் அந்தப் பேச்சில் வளர்ந்தவள். அதனால் மூத்தவள் இசைவாணியின் விழுந்த கை எழுந்து மறுபடி ஓட ஆரம்பித்ததுமே பிள்ளை முழுசாகத் தேறிவிட்டாள் என்று நம்பிவிட்டாள். அந்த நம்பிக்கையிலேயே வருஷங்கள் போய்விட்டன.

வாணிக்கு நாலு வயதில் அம்மை வார்த்தது. வேப்பிலைப் படுக்கை, இளநீர், தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் முறையாக முடிந்து, பிள்ளை எழுந்து தெருவில் ஓடியாட ஆரம்பித்திருந்தாள். சில மாதம் கழித்து ஒரு காலையில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையிலிருந்து சோற்றுருண்டை நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. எழுப்பி நிறுத்தினால் வலது கால் தரையில் இழுபட்டது. ஆத்தா இன்னும் இறங்கவில்லை என்றது தெரு. ஆத்தா இருக்கிற உடம்பை ஊசி போடத் தூக்கிக்கொண்டு போனால் கோபம் கூடும் என்று நிலையில் வேப்பிலை செருகி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து காசு முடிந்து, ஒரு பகலும் ராத்திரியும் காத்துக் கிடந்தார்கள். அப்புறந்தான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"பெரியவுகளுக்கு வருமே, பக்கவாதம், அதுதாம்மா இது. சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். அம்மை வந்து போன பிறகு மூளைக்குப் போற ரத்தக்குழாய் சில பிள்ளைகளுக்கு அடைச்சுக்கிடும்" என்றார் அங்கிருந்த டாக்டர். பஞ்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து, "சின்ன வயசும்மா, தேறி வருவா" என்றும் சொன்னார். அவர் சொன்னதில் இந்தக் கடைசிச் சொல்லை மட்டும் பஞ்சம்மாள் ஊருக்குக் கொண்டுவந்தாள்.

விரல்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டில் விரலுக்கு இருந்த வேலை குழாய் உருட்டுவது. வெடிக்குள் மருந்து அடைப்பதற்கான காகிதக் குழாய். நறுக்கிய தாளைக் கம்பியில் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, பலகையில் வைத்து ஓர் இழுப்பு இழுத்து, கம்பியை உருவினால் குழாய். வீட்டில் மருந்து கிடையாது, வெறும் தாளும் பசையுந்தான். முதலில் வாணியின் கையைப் பிடித்துப் பஞ்சம்மாள்தான் இழுத்தாள். பிறகு கை தானாக இழுத்தது. வயது ஏற ஏற, கிழவிகளெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிற மாதிரி ஓடியது.

"ஆத்தா எடுத்துக்கிட்டுப் போன கையை வட்டியோட திருப்பிக் குடுத்துட்டா" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமி. பஞ்சம்மாளுக்கு அது போதுமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் எட்டு வரைக்கும் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. வாணியும் வகுப்பு மாறிக்கொண்டே வந்தாள். வீட்டில் யார் எதைக் கேட்டாலும், அவளுக்கு அடுத்து நாலு வருஷம் கழித்துப் பிறந்த ரோஜா, "அக்கா, அதுக்கு இப்படிச் சொல்லு" என்று முணுமுணுப்பாள். வாணி அப்படியே சொல்வாள். அக்காளும் தங்கச்சியும் ஒட்டிப் பிறந்தது மாதிரி இருக்குதுகள் என்று தெருவே மெச்சியது.

அந்த முணுமுணுப்பைக் காதில் வாங்கியது ஜெனிட்டா டீச்சர் ஒருத்திதான். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று ஊர் ஊராக ஸ்கூட்டரில் போகிறவள். வாணியைச் சோதித்துப் பார்க்க வேண்டும், வெம்பக்கோட்டையில் இருக்கிற சென்டருக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னாள். பஞ்சம்மாள் பார்க்கும்போதெல்லாம் தலையாட்டினாள். இந்தக் கோடை லீவு விட்டதும் டீச்சர் வேறொரு சேதியோடு வாசலில் வந்து நின்றாள்.

"நம்ம ரோஜாவுக்கு விருதுநகர்ல ஆஸ்டலோட இடம் பேசியிருக்கேன் பஞ்சம்மா. ஆறாங்கிளாஸ்ல இருந்து அங்கனயே தங்கிப் படிக்கலாம். செலவு ஒண்ணும் கிடையாது. இந்த ஊர்ல இம்புட்டு வெளிச்சமான பிள்ளையை நான் பார்த்ததில்லை."

"அவ போயிட்டா வாணிக்கு டீச்சர்?"

"வாணிக்கு என்ன? நல்லா இருக்கா, நல்லா இருக்கான்னுதான என்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கீக?"

பஞ்சம்மாளுக்குச் சுருக்கென்றது.

"நல்லாத்தான் இருக்கா. யாரு இல்லேன்னது?"

"அப்ப சின்னவளை அனுப்புங்க. பள்ளிக்கூடம் திறக்கங்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்."

அன்றைக்கு ராத்திரி பஞ்சம்மாளும் அவள் புருஷன் சோணைமுத்துவும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு நாள் ரோஜா இல்லாமல் வாணியைத் தனியாக விட்டுப் பார்ப்பது. அவள் சமாளித்துவிட்டால் ரோஜா ஆஸ்டலுக்குப் போகட்டும். செல்வலட்சுமி அந்த வெள்ளிக்கிழமை மாவிளக்கு எடுக்க இருக்கன்குடிக்குப் போவதாக இருந்தாள். அவளோடு ரோஜாவை அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குக் காலையில், தன்னை வேலைக்கு ஏற்றிப்போகிற ஆபீஸ் வேன் வருவதற்கு முன்னால் பஞ்சம்மாள் வாணியைப் பலகை முன்னால் உட்கார வைத்துச் சொன்னாள். வீடு வீடாகத் தாள் கொடுத்துக் குழாய் வாங்கிப்போகிற ஏஜெண்ட் புது ஆர்டர் கொடுத்திருந்தான். பழைய வெடி பருமன், புதுசு ஒல்லி.

"இந்தா பாரு தாயி. இந்தப் பெரிய தாளு பழசு. இது தீருற மட்டும் பெரிய கம்பி. தீர்ந்ததும் இந்தச் சின்னத் தாளை எடுக்கணும். சின்னத் தாளுக்குச் சின்னக் கம்பி. என்ன?"

"சின்னத் தாளுக்குச் சின்னக் கம்பி."

"சட்டியில சோறு இருக்கு. கருவாட்டுக் குழம்பு மூடி வச்சிருக்கேன். பசிச்சாப் போட்டுச் சாப்பிடு."

"சரிம்மா."

சொன்னதைத் திருப்பிச் சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. பஞ்சம்மாள் நிம்மதியாக வேன் ஏறினாள்.

கத்திரி வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. வேனுக்குள் பெண்கள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தூக்குச்சட்டிகள் மடியில் குலுங்கின.

"என்ன, இன்னிக்கு முகமே பளிச்சுன்னு இருக்கு? மாப்பிள்ளை பார்த்துட்டியா மகளுக்கு?" என்றாள் ஒருத்தி.

"இப்பவே எதுக்கு? இன்னும் நாலு வருசம் போகட்டும். பதினெட்டு முடியவும் இங்கனயே சேர்த்து விட்டுருவேன். அவ கைக்கு முன்னால நீங்கள்லாம் நிக்க முடியாது பார்த்துக்கிடுங்க."

"அவ வந்தா நாம எல்லாம் வீட்டுல உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். நம்ம போர்மேனு இப்பவே என்னைய ஆமைன்னுதான் கூப்பிடுதான்."

"உன்னையவாவது ஆமைங்கான். என்னைய ஆமைக்கு ஆத்தாங்கான்!"

வேன் சிரித்துக் குலுங்கியது. பஞ்சம்மாளும் சிரித்தாள். பட்டாசுச் சரம் பின்னுகிற ஷெட்டில் தகரக் கூரைக்குக் கீழே வியர்வை ஊற்றியது. அன்றைக்கு அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, வாணி இந்நேரம் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு முழுக்கக் குழாய். கூடை நிரம்பி, தரையில் வழிந்து, கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது. பஞ்சம்மாள் ஒன்றை எடுத்தாள். விரலுக்குள் அது தானாகப் பிரிந்து தாளாக விரிந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் விரிந்தது. சின்னத் தாள் பூராவையும் பெரிய கம்பியிலேயே சுற்றியிருந்தாள் வாணி. ஒரு சுற்றுக்கு மேல் தாள் எட்டாமல், ஓரம் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும், ஏஜெண்ட் புதுசாகக் கொடுத்த அத்தனை தாளும் குப்பையாகிவிட்டது. பசை வாளி காலி. அப்போதும் வெறும் கம்பியைப் பலகையில் இழுத்துக்கொண்டிருந்தாள். சோற்றுச் சட்டியின் மூடி அசையவில்லை.

"ஏய்! நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"சின்னத் தாளுக்குச் சின்னக் கம்பி" என்றாள் வாணி. சிரித்தபடி சொன்னாள்.

"பிறகு இது என்ன?"

வாணி கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. பஞ்சம்மாள் ஓங்கி முதுகில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். திமிரு, வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. வாணி அழுதாள். அழுதுகொண்டே, "பசிக்குதும்மா" என்றாள்.

"சோறு இருக்குன்னு சொன்னேனே தாயி, ஏன் சாப்பிடலை?"

"சாப்பிடுன்னு யாரும் சொல்லலை."

விளக்கு வைக்கிற நேரத்தில் ரோஜா வந்தாள். நெற்றி நிறையத் திருநீறும் கையில் சாத்தூர் வெள்ளரிக்காயுமாக, தீச்சட்டி எடுத்தவர்களைப் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே நுழைந்தவள், தரையைப் பார்த்ததும் கதையை நிறுத்திவிட்டாள். ஒன்றும் கேட்காமல் விளக்குமாற்றை எடுத்து, கிடந்த தாள்களைக் கூட்டி ஒதுக்கினாள்.

"அக்காவை அடிச்சியாம்மா?"

பஞ்சம்மாள் குனிந்து கட்டிலுக்கடியில் கிடந்த குழாய்களை இழுத்துப் போட்டாள்.

"அவளுக்கு ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறத் தெரியாதும்மா. நான் பக்கத்துல இருந்து, 'மாத்துக்கா'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் மாத்துவா. சோத்துக்கும் அப்படித்தான்."

"எத்தனை நாளா இப்படி?"

"எப்பவுமே இப்படித்தாம்மா" என்றாள் ரோஜா. இதைக்கூடவா தெரியாமல் இருந்தாய் என்பதுபோல இருந்தது அந்தக் குரல்.

மறு வாரம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பஞ்சம்மாள் இரண்டு பேரையும் வெம்பக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஜெனிட்டா டீச்சர் முதலில் ரோஜாவைத்தான் பார்த்தாள்.

"நீ வேப்பமரத்தடியில போய் உக்காரு கண்ணு."

"நான் பேசாம இருப்பேன் டீச்சர்."

"உன்னால முடியாது. போ."

டீச்சர் மேசையில் சிவப்பும் பச்சையுமாக வட்டம், சதுரம் என்று அட்டைகளைக் கொட்டினாள். நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னாள். வாணியின் விரல்கள் பறந்தன. கண் மூடித் திறப்பதற்குள் சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். பஞ்சம்மாளுக்கு மூச்சு வந்தது. இப்போது நிறம் பார்க்காதே, வட்டமெல்லாம் ஒரு பக்கம், சதுரமெல்லாம் ஒரு பக்கம் வை என்றாள் டீச்சர். "சரி டீச்சர்" என்றாள் வாணி. விரல்கள் பறந்தன. சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். டீச்சர் அட்டைகளைக் கலைத்துவிட்டு, வட்டம் எது, சதுரம் எது என்று கேட்டாள். இரண்டையும் சரியாகத் தொட்டுக் காட்டினாள் வாணி. மறுபடி பிரிக்கச் சொன்னதும் மறுபடி சிவப்பு, பச்சை.

பிறகு ஒரு சின்னக் கதை சொன்னாள். ஆட்டைத் தொலைத்தவன் தேடிக் கண்டுபிடித்த கதை. திருப்பிச் சொல்லச் சொன்னபோது வாணி, "ஆடு" என்றாள். அப்புறம் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மரத்தடியில் ரோஜா மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். வாணி அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

இப்படியே வெயில் உச்சிக்கு வருகிற மட்டும் ஒன்று மாற்றி ஒன்று நடந்தது. முடிந்ததும் டீச்சர் வாணிக்கு மிட்டாய் கொடுத்து வெளியே அனுப்பினாள்.

"மறைக்காமச் சொல்லுங்க டீச்சர்."

"வாணிக்குப் பதினாலு வயசு. அவ புத்திக்கு ஆறு ஏழு வயசுதான் இருக்கும் பஞ்சம்மா."

"சின்ன வயசு, தேறி வந்துரும்னு மதுரை டாக்டர் சொன்னாரே?"

"கை தேறுச்சு, காலு தேறுச்சு. அவர் சொன்னதுல அது நெசந்தான். நாலு வயசுல அவளுக்கு என்ன தெரியுமோ அதெல்லாம் திரும்பி வந்துருச்சு. அதனாலதான் உங்களுக்குத் தெரியலை. ஆனா அந்த வயசுக்கு மேல முளைக்க வேண்டியதுன்னு ஒண்ணு இருக்குல்ல? யோசிக்கிறது, ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைப் பிடிக்கிறது, நாளைக்கு என்னன்னு நினைக்கிறது. அடிபட்டது அது முளைக்கிற இடத்துல. மத்த பிள்ளைக வளர வளரத்தான் இவளோட குறை வெளியில தெரியும். இன்னும் போகப் போகக் கூடுதலாத் தெரியும்."

"கூடவா செய்யும்?"

"இவ கீழ போகமாட்டா. மத்தவுக மேல போயிருவாக."

பஞ்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கே நீங்க கூப்பிட்டப்ப வந்திருந்தா?"

டீச்சர் மேசையில் கிடந்த அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினாள். "கொஞ்சம் பழக்கியிருக்கலாம். முழுசும் சரியாகியிருக்கும்னு பொய் சொல்லமாட்டேன். இனியும் பழக்கலாம். சின்னச் சின்னதா, மெதுவா. ஆனா ஒண்ணு, ரோஜாவை அவளுக்கு வாயா ஆக்கிராதீக. அந்தப் பிள்ளை பத்து வயசுலயே கிழவி மாதிரிப் பேசுது."

சோணைமுத்து அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வழக்கம்போல மயிர்க்காலெல்லாம் அலுமினியப் பொடி மின்னியது. மருந்து கலக்கிற ஆள் அவன். வெயில் ஏறினால் மருந்து ரூமைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் விடியுமுன்னே போய், மீதிப் பொழுது லோடு ஏற்றிவிட்டு வருவான். தொட்டியடியில் நின்று தேய்த்துத் தேய்த்துக் குளித்துக்கொண்டே பஞ்சம்மாள் சொன்னதைக் கேட்டான்.

"டீச்சருக்கு என்ன, ஆயிரம் சொல்லுவாக. நமக்கெல்லாம் என்ன புத்தி இருந்துச்சு? எனக்குக் கையெழுத்துப் போடவே கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்துச்சு. நான் பொழைக்கலையா? கை ஓடுதுல்ல, அது போதும். பதினெட்டு முடியவும் நம்ம ஆபீசுல சேர்த்துவிட்டா அவ சோத்தை அவ தின்னுக்கிடுவா."

"தாளுன்னா குப்பையாப் போகும். அங்கன மருந்துல்ல இருக்கு?"

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். வீட்டுக்குள் போய், பலகையில் குழாய் உருட்டிக்கொண்டிருந்த வாணியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ரோஜாவைக் கடைக்கு அனுப்பிவிட்டான்.

"ஏத்தா, ஒரு விளையாட்டு விளையாடுவோம். நீ பாட்டுக்கு உருட்டு. அப்பா 'நிப்பாட்டு'ன்னு சொன்னதும் கையை எடுத்துரணும். பாதியில இருந்தாலும் எடுத்துரணும். என்ன?"

"எடுத்துரணும்" என்றாள் வாணி உற்சாகமாக.

உருட்டினாள். தாள் சுற்றி, பசை தொட்டு, இழுப்பதற்குக் கை போனபோது அவன், "நிப்பாட்டு!" என்றான்.

கை இழுத்தது. கம்பியை உருவியது. குழாயைக் கூடையில் போட்டது. பிறகு வாணி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "நிப்பாட்டிட்டேன்பா."

"இப்ப இல்ல தாயி. சொன்ன உடனே."

இன்னொரு முறை. இன்னொரு முறை. அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தெருவுக்கே கேட்கிற மாதிரி, மருந்து ரூமில் ஏதாவது புகைந்தால் கத்துவார்களே அந்தக் கத்தல் கத்தினான். வாணியின் தோள் திடுக்கிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை மட்டும் கம்பியை உருவி, குழாயைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் நின்றது.

சோணைமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். கூட வேலை பார்த்தவர்களில் கை எடுக்கப் பிந்தியவர்கள் யார் யார் என்று அவனுக்குத் தெரியும். அவர்களோடு சேர்ந்து அந்த ரூமில் கருகிப்போனவர்களையும் தெரியும்.

"இவளை அங்கன கூட்டிட்டுப் போகக்கூடாது" என்றான். "பேக்கிங்குக்குக் கூட வேண்டாம். ஆபீஸ் வாசலையே மிதிக்கக்கூடாது."

"அங்கன இல்லேன்னா இந்த ஊர்ல எங்கன?"

அவன் கூடையிலிருந்து ஒரு குழாயை எடுத்து விரலில் உருட்டினான்.

"நாம இருக்கங்குள்ள நாம பார்ப்போம். நமக்குப் பிறகு?" என்றாள் பஞ்சம்மாள்.

அந்த நேரம் பார்த்து ரோஜா சீனிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததற்காக இரண்டு பேருக்குமே வெட்கமாகப் போய்விட்டது. ரோஜா பொட்டலத்தை வைத்துவிட்டு அக்காவின் கண்ணைத் துடைத்தாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டா டீச்சர் சர்ச்சுக்குப் போய்விட்டு வெள்ளைச் சேலையோடு நேரே வந்தாள். சோணைமுத்து அவள் வருவதைப் பார்த்ததும் கொல்லைப் பக்கம் போய்விட்டான். ரோஜா பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். வாணி பக்கத்தில் உட்கார்ந்து தாளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். காப்பி சாப்பிடுறீகளா?"

"பதிலைச் சொல்லுங்க, பிறகு குடிக்கிறேன். ரெண்டு பாவாடை சட்டை, ஒரு தட்டு, ஒரு டம்ளர் போதும். செவ்வாய்க்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்."

போகட்டும் டீச்சர், கூட்டிக்கொண்டு போங்க. அந்தச் சொல்லைத்தான் பஞ்சம்மாள் விடிந்ததிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் எடுக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள், உலை வைக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள். இப்போது வாயைத் திறந்தாள். அதற்குள் ரோஜா முந்திக்கொண்டாள்.

"நான் வரலை டீச்சர்."

"ஏன்?"

"எனக்கு ஆஸ்டல் சோறு ஒத்துக்கிடாது."

"நீ எங்கனடி ஆஸ்டல் சோறு தின்ன?"

"தின்னவுக சொன்னாக. சோத்துல கல்லு கிடக்குமாம்."

"நீ சும்மா இரு. உங்க அம்மாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்." டீச்சர் பஞ்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க. அவ சின்னப் பிள்ளை, எதையாவது சொல்லும். நீங்க போன்னா போயிருவா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

பஞ்சம்மாள் ரோஜாவைப் பார்த்தாள். ரோஜா தலையைக் குனிந்து பசையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டுகிற கை இப்போது மெதுவாகிவிட்டது. அவள் பக்கத்தில் வாணி, டீச்சர் கட்டியிருந்த வெள்ளைச் சேலையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குத்தான் இஷ்டமில்லைங்காளே டீச்சர்" என்றாள் பஞ்சம்மாள்.

டீச்சர் கையை விட்டாள். வாணியின் தலையைத் தடவிக்கொடுத்தாள். ரோஜா பக்கம் போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வண்டியை எடுத்தாள்.

ஸ்கூட்டர் கிளம்பிய சத்தத்துக்கு ரோஜா நிமிர்ந்தாள். அம்மா மறுத்துச் சொல்வாள், அதட்டியாவது அனுப்பிவிடுவாள் என்று அந்தப் பிள்ளை கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் பஞ்சம்மாளுக்கு அது தெரிந்தது. நிமிர்ந்த வேகத்தில் மறுபடி குனிந்துகொண்டாள் ரோஜா. பசை அடிப்பிடித்த வாடை வந்தது.

பஞ்சம்மாள் வாசலுக்கு வந்தாள். தெருமுனையில் அட்டைப்பெட்டி லோடு ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அதற்கு வழிவிட்டு டீச்சர் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரந்தான். லாரி வெகுநேரம் திரும்பிக்கொண்டிருந்தது. பஞ்சம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு, அது திரும்பி முடிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். கூப்பிடவில்லை.